பாட்டா சொன்ன திமிங்கலக் கப்பல்: கடல் கேள்வி பதில்

போன இதழில் போர்க்காலத்துக் கப்பல் கூட்டங்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். சரக்குக் கப்பல்களைத் தனியாக அனுப்பாமல், பல கப்பல்களை ஒன்றாகச் சேர்த்து, சுற்றிலும் காவல் கப்பல் வைத்து அனுப்புவார்கள். அதற்குக் கான்வாய் என்று பெயர். அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பெரும்பாலும் நம் எல்லைப்பக்கத்து ஊர்கள். இந்தப் பக்கம் தூத்தூர், நித்திரவிளை, களியக்காவிளை; அந்தப் பக்கம் பாறசாலை, பொழியூர். அதனால் இந்த மாதம் முழுக்க அந்த ஒரே விஷயம்.

எங்கள் பாட்டா போர்க்காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். "தோப்ரூக் போகும்போது முன்னால ஒரு திமிங்கலக் கப்பல் போகும். அது போனாத்தான் நாங்க போவோம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் நம்பவில்லை. திமிங்கலம் பிடிக்கிற கப்பல் எப்படிச் சண்டைக்குப் போகும்? அவர் சொன்னது உண்மையா ஐயா?
— கல்லூரி மாணவி, தூத்தூர்

உண்மை மகளே. உங்கள் பாட்டா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

தோப்ரூக் என்பது லிபியா கரையில் உள்ள துறைமுகம். 1941 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஜெர்மன், இத்தாலியப் படைகள் அதைத் தரைவழியாகச் சுற்றி வளைத்திருந்தன. உள்ளே இருந்த படைக்குச் சோறு, பெட்ரோல், குண்டு எல்லாம் கடல்வழியாகத்தான் போயாக வேண்டும். எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து கரையை ஒட்டியே ஓடும் வழி. மேலே விமானம், கீழே நீர்மூழ்கி, வழி நெடுகக் கண்ணிவெடி. அந்த ஓட்டத்துக்குக் காவல் போனவற்றில் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் பல உண்டு. தென்னாப்பிரிக்கா மட்டும் நான்கு கொடுத்தது: சதர்ன் ஃப்ளோ, சதர்ன் ஐல்ஸ், சதர்ன் மெய்ட், சதர்ன் சீ. அண்டார்டிகா பக்கம் திமிங்கலம் துரத்திக்கொண்டிருந்தவை. 1940 டிசம்பரில் டர்பனிலிருந்து கிளம்பி 1941 ஜனவரியில் அலெக்ஸாண்ட்ரியா போய்ச் சேர்ந்தன.

ஏன் இந்தக் கப்பல்களைப் பிடித்தார்கள்? நான் 1969-ல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து வருடம் பாய்லர் ரூமிலும் என்ஜின் ரூமிலும் இருந்தவன். அந்தக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். திமிங்கலம் எங்கே மூழ்கும், எந்தப் பக்கம் எழும் என்று யாருக்கும் தெரியாது. அது இடது பக்கம் எழுந்தால் கப்பலும் அந்த நிமிஷமே இடது பக்கம் திரும்ப வேண்டும். அதற்காகவே குட்டையான உடல், பெரிய சுக்கான் என்று கட்டினார்கள். உடலுக்கு மிஞ்சிய என்ஜின். நீராவியை ஒரு சிலிண்டரிலிருந்து அடுத்ததற்கு அனுப்பி மூன்று தடவை விரிய விட்டு வேலை வாங்கும் பழைய பிஸ்டன் என்ஜின். அதில் முன்னோட்டம் பின்னோட்டம் மாற்றுவது சில விநாடி வேலை. எழும்பி நிற்கிற அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், ஈட்டி எறியும் பீரங்கி. பாய்மர உச்சியில் ஒரு பீப்பாய். அதற்குள் ஒருவன் நின்றுகொண்டு தூரத்தில் தெரியும் மூச்சுநீரைப் பார்த்துச் சொல்வான்.

இப்போது திமிங்கலம் என்ற இடத்தில் நீர்மூழ்கி என்று போட்டுப் படியுங்கள். வேலை அப்படியே இருக்கிறது. மூழ்கும், எழும், திரும்பும். துரத்திப் பிடிக்க வேண்டும்.

எனவே ஈட்டிப் பீரங்கியைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரணக் கடற்படைப் பீரங்கி வைத்தார்கள். பின்புறம் தண்டவாளம் மாதிரி சரிவுப் பலகை கட்டி, டெப்த் சார்ஜ் என்கிற பீப்பாய்க் குண்டுகளை வரிசையாக ஏற்றினார்கள். அது தண்ணீரின் அழுத்தத்தால் வெடிப்பது; எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைக்கலாம். அடிப்பக்கத்தில் ஒலி அனுப்பிக் கேட்கும் ஆஸ்டிக் கருவி. பாய்மரத்துப் பீப்பாய் மட்டும் இரண்டு வேலைக்கும் பொதுவாகவே பயன்பட்டிருக்கும்.

உள்ளே இருந்தவர்கள் பாடுதான் கஷ்டம். குளிர்க்கடலுக்காகக் கட்டிய இரும்புக்கூடு, லிபியா வெயிலில் நிற்கிறது. திமிங்கலம் பிடிக்கப் போதுமான ஆள் அளவுக்குக் கட்டிய அறைகளில், பீரங்கிக்கு, ஆஸ்டிக்குக்கு, குண்டுக்கு என்று கூடுதல் ஆள். சின்னக் கப்பல் ஆடும் ஆட்டம் தனி. ஒரு ஜூன் மாதம், கொச்சிக்கு வெளியே தென்மேற்குக் காற்றில் எங்கள் கப்பல் உருண்டபோது, பாய்லரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் ஒரு நிலையில் நிற்கவே இல்லை. மேலே ஏறும், கீழே விழும். நடுவில் எங்கே இருக்கிறது என்று கணித்துத்தான் தண்ணீர் விட வேண்டும். தப்பினால் பாய்லர் போய்விடும். ஒரு கை கம்பியில், ஒரு கை வால்வில், நான்கு மணி நேரம். என் கப்பல் அந்தத் திமிங்கலக் கப்பல்களைவிடப் பல மடங்கு பெரியது. அவர்கள் அதே வேலையை எதிரி விமானம் மேலே பறக்கும்போது செய்தார்கள்.

சதர்ன் ஃப்ளோவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1941 பிப்ரவரியில் அது தோப்ரூக்குக்கு வெளியே, கண்ணிவெடி அகற்றிய பாதையில் காவல் நின்றது. 11-ம் தேதி காலை அதைச் சந்திக்க வேண்டிய சதர்ன் சீ வந்து பார்த்தால் கடல் வெறுமையாக இருக்கிறது. அந்த வழியாகப் போன ஒரு நாசகாரிக் கப்பல், உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒருவரைத் தூக்கியது. அவர் ஒரு ஸ்டோக்கர், அதாவது பாய்லர் தீயைப் பார்க்கிறவர். கண்ணிவெடியில் கப்பல் போய்விட்டது. மற்ற எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் போரில் தென்னாப்பிரிக்கக் கடற்படை இழந்த முதல் கப்பல் அது. வெடித்தால் கடைசியாக மேலே வருபவர்கள் நாங்கள்தான், என்ஜின் ரூம் ஆட்கள். பிழைத்த ஒருவர் ஸ்டோக்கராக இருந்தார் என்று முதல்முறை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்ற மூன்றும் வேலையைத் தொடர்ந்தன. 1942 ஜூலை 11 அன்று சதர்ன் மெய்டும், புரோட்டியா என்ற இன்னொரு திமிங்கலக் கப்பலும் சேர்ந்து, ஒரு விமானத்தின் துணையோடு, ஒண்டினா என்ற இத்தாலிய நீர்மூழ்கியைக் கிழக்கு மத்தியதரைக் கடலில் மூழ்கடித்தன. உங்கள் பாட்டா எந்தக் கப்பலுக்குப் பின்னால் போனாரோ, அது இந்தக் குடும்பத்தில் ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டில் நம்பாதவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நான் விசைப்படகு ஓட்டுபவன். எங்கள் படகில் மீன் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கிறது. அந்தக் காலத்து ஆஸ்டிக்கும் அதுதானா? நீர்மூழ்கிக்கும் திமிங்கலத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?
— வாசகர், வள்ளவிளை

அடிப்படை ஒன்றுதான் தம்பி. உங்கள் கருவி ஒலியை நேராகக் கீழே விடுகிறது; ஆஸ்டிக் அதைப் பக்கவாட்டில் விட்டு, திசை திசையாகத் திருப்பிக் கேட்கும். தண்ணீரில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். போய் வர இரண்டு விநாடி ஆனால் பொருள் 1,500 மீட்டரில் இருக்கிறது. உங்களுக்குத் திரையில் படம் வருகிறது. அவர்களுக்குக் காதுதான். எதிரொலியின் சுருதி கொஞ்சம் கூடினால் பொருள் நம்மை நோக்கி வருகிறது, குறைந்தால் விலகிப் போகிறது. ரயில் விசில் நம்மைக் கடக்கும்போது மாறுகிறதே, அதே கணக்கு.

திமிங்கலமும் எதிரொலி கொடுக்கும். மீன் கூட்டமும் கொடுக்கும், பழைய கப்பல் உடைசலும் கொடுக்கும். நல்ல காது உள்ளவர் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார். ஆனால் இருட்டில், பின்னால் இருபது முப்பது சரக்குக் கப்பல் வரும்போது, சந்தேகம் வந்தால் குண்டு போடுவதுதான் வழக்கம். அப்படித் திமிங்கலங்கள் நிறையச் செத்தன. அதைத் துரத்தியே பிழைத்த கப்பல், துரத்தாதபோதும் அதைக் கொன்றது என்பது எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு சங்கடம். நீர்மூழ்கிக்கு மிக அருகில், கடைசி இருநூறு முந்நூறு மீட்டரில், எதிரொலி அறுந்துவிடும். குண்டோ பின்புறத்திலிருந்து விழுவது. அதனால் கப்பல் அதன் தலைக்கு மேலே கடந்து போய், குருட்டுக் கணக்கில்தான் போட வேண்டும். மெதுவான கப்பல் ஆழம் குறைவாகத் திருகிப் போட்டால் சொந்தப் பின்புறமே பிளந்துவிடும். திமிங்கலக் கப்பலின் வேகம் அங்கே உயிர் காத்தது.

தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்கிறேன். இங்கிலாந்தில் பூப் பெயர் வைத்த போர்க்கப்பல்கள் இருந்ததாக என் மகன் சொல்கிறான். அவற்றுக்கும் திமிங்கலக் கப்பலுக்கும் சம்பந்தமா?
— வாசகர், தோவாளை

நேரடிச் சம்பந்தம். 1936-ல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ அருகே ஸ்மித்ஸ் டாக் என்ற பட்டறை சதர்ன் பிரைட் என்ற திமிங்கல வேட்டைக் கப்பலைக் கட்டியது. போர் நெருங்கியபோது கடற்படைக்கு அவசரமாக, நிறைய, மலிவாகக் காவல் கப்பல் வேண்டியிருந்தது. அந்தப் பட்டறையின் வடிவமைப்பாளர் வில்லியம் ரீட், சதர்ன் பிரைடின் வடிவத்தையே நீட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார். போர்க்கப்பலே கட்டியறியாத சின்னப் பட்டறைகளும் கட்ட முடிகிற மாதிரி, மீன்பிடிக் கப்பலில் பழகியவர்களும் ஓட்டத் தெரிந்த அதே பிஸ்டன் என்ஜினோடு. சுமார் 205 அடி நீளம், 16 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). நீர்மூழ்கி தண்ணீருக்கு மேலே ஓடினால் அதற்கு 17 நாட். துரத்திப் பிடிக்க முடியாது என்பது பெரிய குறை. ஆனாலும் இரண்டு நூற்றுக்கு மேல் கட்டினார்கள். அட்லாண்டிக் கான்வாய்களை அந்த வருடங்களில் தாங்கியது இவைதான் என்பது என் உறுதியான கருத்து. பெரிய போர்க்கப்பல்களுக்குக் கிடைத்த புகழில் பாதி இவற்றுக்கு வந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்துக் கடற்படையில் இவை எல்லாவற்றுக்கும் பூப் பெயர். உங்கள் கடையில் இருக்கும் கேந்தி, ஆங்கிலத்தில் மேரிகோல்ட். அந்தப் பெயர் கொண்ட கப்பல் 1941 நவம்பரில் ஜிப்ரால்டர் பக்கம் யு-433 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அடுத்த வருடம் டிசம்பரில் தானும் விமானத் தாக்குதலில் மூழ்கியது. தாமரை, அதாவது லோட்டஸ், 1942-ல் அல்ஜீரியா கரைக்கு வெளியே யு-660-ஐ மூழ்கடித்ததில் பங்கு கொண்டது. சூரியகாந்தி இருந்தது, மல்லிகையும் இருந்தது.

திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இங்கிலாந்துக்காரர்களிடம் மட்டும்தான் இருந்தனவா?
— பள்ளி ஆசிரியர், களியக்காவிளை

இல்லை. அந்தத் தொழிலில் நார்வேதான் முன்னணி. 1940 ஏப்ரல் 8 இரவு ஜெர்மானியக் கப்பல்கள் ஆஸ்லோ கடற்கழியில் நுழைந்தபோது, வாசலில் ‘போல்-3’ (Pol III) என்ற பெயருள்ள ஒரு திமிங்கலக் கப்பல் காவல் நின்றது. ஒரே ஒரு பீரங்கி, பதினைந்து ஆள். அது எச்சரிக்கை விட்டு, சுட்டு, ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் மேல் மோதவும் செய்தது. அதன் தலைவர் லைஃப் வெல்டிங்-ஓல்சன் அன்று இறந்தார். அந்தப் படையெடுப்பில் இறந்த முதல் நார்வேக்காரர் அவர்.

நாடு விழுந்த அந்த நேரத்தில் நார்வேயின் திமிங்கலத் தொழிலாளிகள் ஏராளமான பேர் வெளிநாட்டுக் கடலில் இருந்தார்கள். வீட்டுக்குப் போக வழியில்லை. கனடாவின் லூனன்பர்க் என்ற மீன்பிடி ஊரில் அவர்களுக்காக ஒரு முகாம் திறந்து, அவர்களுடைய கப்பல்களுக்கே அங்கே பீரங்கி பொருத்தினார்கள். மீன் பிடிக்கப் போன ஊரில் மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைக்குக் கடிதம்கூடப் போடமுடியாமல் கிடப்பது என்ன என்று நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியும் சும்மா இருக்கவில்லை. 1941 ஜனவரி 14 அன்று, சரக்குக் கப்பல் வேடத்தில் திரிந்த பிங்குவின் என்ற ஜெர்மன் கப்பல், அண்டார்டிகாவில் நார்வேக்காரர்களின் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்டுப் போய், திமிங்கல எண்ணெய் எடுக்கும் மூன்று ஆலைக் கப்பலையும் பதினொரு வேட்டைக் கப்பலையும் பெரிய சண்டை இல்லாமல் பிடித்தது. அவற்றில் ஒன்றுக்கு அட்ஜுட்டான்ட் என்று பெயர் மாற்றி, நியூசிலாந்து துறைமுகங்களுக்கு வெளியே கண்ணிவெடி போட வைத்தார்கள். அதில் ஒரு கப்பலும் சிக்கவில்லை. மற்றவற்றை பிரான்சுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தவை ஜெர்மானியருக்காக நீர்மூழ்கி வேட்டையாடின. பிங்குவினை 1941 மே 8 அன்று கார்ன்வால் என்ற பிரிட்டிஷ் கப்பல் நம் இந்துமாக்கடலில் முடித்தது. அந்தக் கார்ன்வாலை அடுத்த வருடம் ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் இலங்கைக்குத் தென்மேற்கே முடித்தன.

திமிங்கலத்தைக் கொன்ற கப்பலைப் பெருமையாக எழுதலாமா?
— வாசகி, நாகர்கோவில்

அந்தத் தொழிலை நான் பெருமையாக எழுதவில்லை. வெண்ணெய்க்குப் பதிலான மார்கரினும், சோப்பும் செய்ய அந்த உயிர்களைக் கொன்று தீர்த்தார்கள். போர் முடிந்ததும் பல கப்பல்கள் பீரங்கியைக் கழற்றிவிட்டு அதே வேலைக்குத் திரும்பின. வணிக வேட்டையை நிறுத்தும் சர்வதேசத் தடை 1986-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நான் எழுதுவது, ஆறு வருடம் அந்தக் கப்பலில் நின்ற ஆட்களைப் பற்றி.

நம் பக்கத்துக் கடலில் இவை வந்தனவா? கொச்சியில்?
— வாசகர், பாறசாலை

அந்தப் பூப்பெயர்க் கப்பல்கள் வந்தன. ஹாலிஹாக் என்பது நம் துத்திச் செடியின் குடும்பத்துப் பூ. அந்தப் பெயர் கொண்ட கப்பல் 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்குக் கிழக்கே ஜப்பானிய விமானக் குண்டில் மூழ்கியது. அதே நாள், அதே கடலில்தான் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் போனது. எல்லோரும் ஹெர்மிஸைச் சொல்வார்கள், ஹாலிஹாக்கைச் சொல்வதில்லை.

இந்தியக் கடற்படைக்கும் போரின் கடைசியில் இந்த வகை நான்கு வந்தன. பூப் பெயரை எடுத்துவிட்டு அஸ்ஸாம், கோண்டுவானா, மராட்டா, சிந்து என்று வைத்தார்கள். சிந்து பிறகு தாய்லாந்துக்குப் போய், 1951 ஜனவரியில் கொரியா கரையில் தரைதட்டி அழிந்தது. அதற்கு முன்பு, போர் தொடங்கிய காலத்தில், கரையோரச் சரக்குக் கப்பல்களைத்தான் அவசரமாக மாற்றினார்கள். பார்வதி என்று ஒன்று. 1941 ஏப்ரலில் செங்கடலில் அஸ்ஸாப் பக்கம் கண்ணிவெடியில் போனது.

சரக்குக் கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பது திருவிதாங்கூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1942-ல் பர்மா விழுந்ததும் அரிசிக் கப்பல் நின்றது. என் அம்மா காலையில் மரச்சீனிக் கிழங்கு, ராத்திரி மரச்சீனி என்று வளர்ந்தவள். சோற்றுப்பானையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் கடைசிவரை வீசமாட்டாள்.

என் பாட்டியின் அண்ணன் 1942-ல் சரக்குக் கப்பலில் போனவர், திரும்பவில்லை. கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தைக் கரையான் அரித்துவிட்டது. அவர் பெயர் எங்காவது இருக்குமா ஐயா?
— வாசகி, பொழியூர்

இருக்க வாய்ப்பு உண்டு அம்மா. ஒக்கிப் புயலுக்குப் பிறகு, உடல் கிடைக்காத வீடுகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். குழி இல்லாத சாவு எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்தேன், கொஞ்சம் விவரமாக எழுத.

அந்தப் போரில் கடலில் போய், கல்லறை இல்லாத இந்திய வணிகக் கப்பல் ஆட்கள் சுமார் 6,000 பேர். கடற்படைக்காரர்கள் 400 பேர் அளவில். இவர்கள் பெயரை எழுதிய நினைவுப் புத்தகம் இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் மாலுமிகள் இல்லத்தில், இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கில். அதே பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். பணம் கட்ட வேண்டாம்.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். நம் கரைப் பெயர்களைக் கப்பல் கம்பெனி எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சூசை என்பது சூசா ஆகியிருக்கும், சோசா ஆகியிருக்கும், ஜோசப்பாகவும் ஆகியிருக்கும். அந்தோணி, அந்தோனியோ ஆகியிருக்கும். ஒரு எழுத்தில் நின்றுவிடாமல் எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். ஊர் என்று வரும்போது கேரளா என்று தேடக் கூடாது; உங்கள் ஊரும் என் ஊரும் அன்று ஒரே திருவிதாங்கூர்.

முதலில் உங்கள் பங்குக் கோயிலுக்குப் போய், பாட்டியின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருடைய அப்பா பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து, அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். நானும் இங்கிருந்து தேடுகிறேன்.